அம்மாவுக்கு 84, மகன் 54ல போயிட்டாரு: காப்பார் பக்கம் ஒரு தோட்டத்துக் குடும்பமும் நாடுகளோட ஆயுசுக் கணக்கும்

மலேசியாவுல கிள்ளான் பக்கம் இருக்கற காப்பார் டவுன்லருந்து உள்ள போற ரோட்ல ஒரு தாமான், அதாவது குடியிருப்பு, இருக்கு, ரப்பர் தோட்டத்தை வித்தப்ப லயத்து வரிசை வீடுகள்ல இருந்த குடும்பங்க வந்து சேர்ந்த இடம். அங்க ஒரு வீட்ல ஒரு சாவு. போனவருக்கு 54 வயசு, துறைமுகத்துக்கு கொண்டேய்னர் லாரி ஓட்டுனவரு, நெஞ்சடைப்பு. அவரோட அம்மாவுக்கு 84. பாட்டி இன்னிக்கும் விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு அவங்க துணியை அவங்களே துவைக்கிறாங்க. குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், பேரு போட வேணாம்னாங்க, போடல.

துக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினாங்க. அந்தக் காலத்து சாப்பாடு, அந்தக் காலத்து உழைப்பு, அதான் பாட்டி கல்லு மாதிரி இருக்காங்க, இப்ப எல்லாம் ரசாயனம், அதான் சின்ன வயசுலயே போறாங்கன்னு. எனக்கு இது சரியாப் படல. பாட்டியோட கதையை உக்காந்து கேட்டா அந்தக் காலத்துல எத்தனை பேர் செத்தாங்கன்னு தெரியும், அதை யாரும் கேக்கறதில்ல. ஜப்பான்ல ஒரு பிள்ளை பிறந்தா சராசரியா 85 வயசு பக்கம் வாழும், நைஜீரியாவுலயும் சாட் நாட்டுலயும் 55 பக்கம்தான், நம்ம மலேசியா நடுவுல 75. இந்த 30 வருஷ வித்தியாசம் எதனால வருதுன்னு புரிஞ்சுக்க இந்த ஒரு வீடே போதும்னு எனக்குத் தோணுது, ஏன்னா அந்த வீட்ல ரெண்டு விதமான சாவும் நடந்திருக்கு.

முதல்ல கணக்கு. சராசரி ஆயுசு 45ன்னா எல்லாரும் 45ல செத்தாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. 100 குழந்தை பிறக்குது, அதுல 10 குழந்தை பிறந்த கொஞ்ச நாள்லயே செத்துடுது, மிச்ச 90 பேரும் 70 வரைக்கும் வாழறாங்கன்னு வச்சுக்குங்க. சராசரி 63க்கு இறங்கிடும். குழந்தையா சாகறது ஒவ்வொண்ணும் எழுபது வருஷத்தை கணக்குலருந்து எடுத்துட்டுப் போவுது, கெழவன் ஒருத்தர் 68ல போனா ரெண்டு வருஷம்தான் போவுது. அதனால ஒரு நாட்டோட ஆயுசு 50லருந்து 65க்கு ஏறணும்னா கெழவங்களை காப்பாத்தி ஏத்த முடியாது, தொட்டில்ல இருக்கறதுங்களைத்தான் காப்பாத்தணும்.

பாட்டி பிறந்தது 1940 பக்கம். கூடப் பிறந்தவங்கள்ல பாதிப் பேர் பேரே வைக்கறதுக்கு முன்னாடி போயிட்டாங்கன்னு சொல்றாங்க. அப்பா ஜப்பான்காரன் மலாயாவைப் புடிச்சு வச்சிருந்த காலத்துல சயாம், பர்மா ரயில் பாதை போட புடிச்சிட்டுப் போனவரு, திரும்பி வரல. அந்த 1942, 43ல மலாயாத் தோட்டத்துலருந்து போன தமிழாளுங்க ஆயிரக்கணக்குல அங்கயே காலரா, மலேரியா, பட்டினின்னு செத்தாங்க, நம்ம ஊர்ல அந்தக் கதை இல்லாத பழைய குடும்பமே கம்மி. பாட்டி மட்டும் தப்பிச்சாங்க. இப்ப 84ல நடமாடற அவங்களைப் பார்த்து அந்தக் காலத்து உடம்புன்னு சொல்றப்ப, தப்பிச்சவங்களை மட்டும்தான் நாம எண்ணறோம், போனவங்க எண்ணிக்கையில வர்றதே இல்ல.

பாட்டியோட மொத பிரசவம் லயத்து வீட்லயே, மருத்துவச்சி வந்து பார்த்தாங்க. பிள்ளை ஒரு வாரத்துல வாய் திறக்க முடியாம, உடம்பு வில்லா வளைஞ்சு செத்துப்போச்சு. பாட்டி இன்னிக்கும் அதை தோஷம்னுதான் சொல்றாங்க. கேக்கறப்ப எனக்கு அது பச்சைப் பிள்ளைக்கு வர்ற டெட்டனஸ் மாதிரி தெரியுது, தொப்புள்கொடி அறுக்கற பிளேடு சுத்தமில்லன்னா வர்றது, அடையாளம் அப்படியே பொருந்துது. சுத்தமான பிளேடும் தாய்க்கு போடற ஊசியும் இருந்தா வராது, ரெண்டுக்கும் செலவு சில காசுதான். ரெண்டாவது பிள்ளை, வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களை விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டகையில இருந்தப்ப வயித்தால போயி செத்துது. மூணாவது பிரசவத்துக்கு கிள்ளான் ஆஸ்பத்திரி. அதுலருந்து எந்தப் பிள்ளையும் சாகல. 54ல போன மகன் அதுக்கப்புறம் பிறந்த பிள்ளைங்கள்ல ஒருத்தர்.

இடையில என்ன மாறுச்சு? தண்ணிக்கு பைப் வந்துது, கக்கூஸ் கட்டினாங்க, தடுப்பூசி, மிட்வைஃப் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்க்கறது. அதுக்கும் ரொம்ப முன்னாடியே நம்ம பக்கம் நடந்தது ஒண்ணு இருக்கு, கிள்ளான்காரங்களே நிறைய பேருக்குத் தெரியாது. 1901ல மால்கம் வாட்சன்னு ஒரு டாக்டர் கிள்ளானுக்கு வந்தப்ப ஊரே மலேரியாவுல சுருண்டு கெடந்துது. கொசுதான் மலேரியாவைப் பரப்புதுன்னு ரொனால்ட் ராஸ் இந்தியாவுல கண்டுபுடிச்சு நாலு வருஷம்தான் ஆச்சு. வாட்சன் அதை நம்பி கிள்ளான்லயும் போர்ட் ஸ்வெட்டன்ஹாம்லயும், இப்ப போர்ட் கிள்ளான்னு சொல்றோமே அங்கயும், சதுப்பு நிலத்துல வாய்க்கால் வெட்டி தண்ணியை வடிக்க வச்சாரு. மலேரியா சடசடன்னு கொறஞ்சுது. அப்புறம் மலைப்பக்கத் தோட்டங்கள்ல அதே வேலையைப் பண்ணினா மலேரியா கூடிடுச்சு, ஏன்னா அங்க இருக்கற கொசு வேற ஜாதி, காட்டை வெட்டி வெயில் பட்ட ஓடைத் தண்ணியிலதான் அது முட்டை போடும். அங்க மண்ணுக்குள்ள பைப் பதிச்சும் தண்ணி மேல எண்ணெய் ஊத்தியும் சமாளிச்சாங்க. எனக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடிக்கும், ஒரு ஊர்ல வேலை செஞ்சதை அப்படியே தூக்கிட்டுப் போயி இன்னொரு ஊர்ல போட்டா ஆளு சாவும்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம மண்ணுல காட்டிட்டாங்க. 2018லருந்து மனுஷன்லருந்து மனுஷனுக்குப் பரவற மலேரியா இங்க உள்ளூர்ல ஒரு கேஸ் கூட இல்ல, குரங்குலருந்து வர்றது மட்டும்தான் மிச்சம்.

1957ல சுதந்திரம் வாங்கறப்ப மலாயாவுல ஆம்பளைக்கு ஆயுசு 56 பக்கம், பொம்பளைக்கு 58 பக்கம். இன்னிக்கு 73, 78. இந்த ஏத்தத்துல பெரிய பங்கு தொட்டில்லயும் பிரசவ அறையிலயும் நடந்தது. கர்ப்பிணிகளோட கார்டுல சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைன்னு ஆபத்துக்குத் தக்கபடி ஸ்டிக்கர் ஒட்டற முறை இருக்கே, பாட்டியோட பேத்திக்கு சிவப்பு ஒட்டினதும் கிராமத்து கிளினிக் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வாராவாரம் போன் பண்ணி, வரலன்னா வீட்டுக்கே வந்து நின்னுச்சாம். சாட், நைஜீரியா மாதிரி நாடுங்கள்ல இன்னிக்கும் பத்துக் குழந்தைக்கு ஒண்ணு அஞ்சு வயசு தாண்டறதில்ல, பாட்டி பட்டதை அங்க இப்பவும் தாய்மாருங்க பட்டுக்கிட்டு இருக்காங்க. ஜப்பான்ல ஆயிரத்துக்கு ரெண்டு. 30 வருஷ வித்தியாசத்துல ஒரு முக்கியமான பங்கு இது.

காசு இருந்தா ஆயுசு இருக்குமா

கொஞ்ச தூரம் வரைக்கும் இருக்கும். 1975ல சாமுவேல் பிரெஸ்டன்னு ஒரு ஆய்வாளர் நாடுகளோட வருமானத்தையும் ஆயுசையும் ஒண்ணா வச்சு கோடு போட்டுக் காட்டினாரு. ஏழை நாடுகள்ல கொஞ்சம் காசு கூடினாலும் ஆயுசு செங்குத்தா ஏறுது, ஒரு கட்டத்துக்கு மேல கோடு படுத்துடுது. அமெரிக்கா தன்னோட மொத்த உற்பத்தியில 17 சதவீதம் பக்கம் மருத்துவத்துக்கே கொட்டுது, ஆயுசு 78, 79தான், 2021ல கோவிட்டும் போதை மருந்துச் சாவும் சேர்ந்து 76க்கு இறங்கிடுச்சு. சிலோன்ல தலைக்கு வருமானம் நம்மள்ல மூணுல ஒரு பங்கு. ஆனா ஆயுசு நம்மளுக்குக் கொஞ்சமும் குறையல. அங்க ஆஸ்பத்திரி இலவசம், 1945லருந்து படிப்பும் இலவசம், படிச்ச தாய் பிள்ளைக்கு காய்ச்சல்னா காத்துக்கிட்டு இருக்க மாட்டா. ஆனா அதே சிலோன்ல மலையகத் தோட்டத்துல நம்மாளுங்களோட நிலைமை ரொம்ப காலம் பின்தங்கித்தான் இருந்துது, ஏன்னா தோட்டத்து வைத்தியத்தை கம்பெனி பார்த்துக்கும்னு அரசாங்கத்தோட சேவைக்கு வெளியே விட்டுட்டாங்க. நம்ம நாட்டுலயும் அதே கதைதான். தோட்டம்னா தனியார் நிலம், கிராமத்துக்குப் போன கிளினிக்கும் மிட்வைஃபும் தோட்டத்து கேட்டுக்கு வெளியிலயே நின்னுடும், உள்ள டிரஸ்ஸர்னு சொல்ற தோட்டத்து மருத்துவ உதவியாளர் கையிலதான் எல்லாம். நல்ல டிரஸ்ஸர் கிடைச்ச தோட்டம் பொழச்சுது. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரு கேட்டு நடுவுல நின்னு ஆயுசைப் பிரிச்சுடுச்சு.

மகனோட கேஸ்

இப்ப 54ல போனவருக்கு வர்றேன், என் மனசு இங்கதான் கெடக்குது.

லைசென்ஸ் புதுப்பிக்க உடம்பு செக்கப் போனப்பதான் அவருக்கு முதல்ல தெரிஞ்சுது, பிரஷர் 160க்கு 100, ரத்தத்துல இனிப்பு 11, ரெண்டுமே கூடுதல். அப்ப 48 வயசு, ஒரு வலி இல்ல, ஒரு தலைசுத்தல் இல்ல. கிளினிக்ல மாத்திரை கொடுத்தாங்க. அரசாங்க கிளினிக்ல பதிய 1 வெள்ளி, அதாவது 1 ரிங்கிட்தான், மருந்துக்கு காசு கிடையாது, அதனால காசு இல்லாம போகலன்னு சொல்ல முடியாது. ஆனா அவருக்கு சம்பளம் டிரிப் கணக்கு. கிளினிக் திறக்கறது காலைல எட்டு மணிக்கு, அவர் லாரி எடுக்கறது அஞ்சு மணிக்கு, ஒரு நாள் கிளினிக்ல உக்காந்தா ஒரு நாள் டிரிப் போச்சு, லாரியை இன்னொருத்தருக்கு குடுத்துடுவாங்க. மொத ஒரு வருஷம் ஒழுங்கா போனாரு, கிளினிக் புக்குல அந்தப் பக்கம் முழுக்க மாசாமாசம் எழுத்து இருக்கு, பிரஷரும் இறங்கியிருக்கு. அப்புறம் இடைவெளி. அப்புறம் பெரிய இடைவெளி. கடைசிப் பக்கத்துல தேதி மட்டும் எழுதியிருக்கு, நம்பர் எதுவும் இல்ல.

சாப்பாடு எப்படின்னு சம்சாரத்துக்கிட்ட கேட்டேன். வீட்ல ராத்திரி மட்டும்தான் சோறு. காலைல பசியாற ரொட்டி சானாய், பத்து மணிக்கு இனிப்பா ஆத்தின பால் டீ, தே தாரிக், மத்தியானம் எங்க லாரி நிக்குதோ அங்க, திரும்ப தே தாரிக், நைட் டிரிப்னா கேன்ல வர்ற சத்து பானம். கொண்டேய்னர் ஏத்த துறைமுகத்துல மணிக்கணக்கா வரிசையில நிக்கறப்ப கையில சிகரெட். சனிக்கிழமை ராத்திரி தண்ணி. வியர்வை சிந்த உழைச்சவங்களோட பிள்ளை, உக்காந்தே உழைச்சாரு. அம்மா பால்மரம் வெட்ட விடியக்காலைல ஏறி இறங்கின மேடு பள்ளத்துல ஒரு பங்கு கூட அவர் நடந்திருக்க மாட்டாரு, அது அவரோட தப்பு இல்ல, வேலை அப்படி.

சாவற அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மேல நெஞ்சு கனமா இருக்குன்னாரு, தாடை வலி, சட்டை நனையற அளவுக்கு வியர்வை. காத்து அடைச்சிருக்குன்னு தைலம் தேய்ச்சு, ஓமத்தண்ணி வச்சுக் கொடுத்தாங்க. கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்துது. வலி திரும்ப வந்தப்ப விடிஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுது. ரத்தக்குழாய் அடைக்கறப்ப ஒவ்வொரு மணி நேரமும் இதயத் தசை செத்துக்கிட்டே வரும், அடைப்பைக் கரைக்கற மருந்து முதல் சில மணி நேரத்துல போட்டாத்தான் முழுப் பலன். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இருக்கறவங்கள்ல சிலருக்கு நெஞ்சுவலி பளிச்சுன்னு தெரியாது, மூச்சு வாங்கல், வியர்வை, வயித்துப் பொருமல் மாதிரி வரும், அதான் காத்துன்னு ஏமாந்துடறோம். 40 தாண்டினவங்களுக்கு நெஞ்சு கனமும் வியர்வையும் சேர்ந்து வந்தா தைலத்தைத் தேடாதீங்க, 999க்கு அடிங்க.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்ல. நாட்டுப் புள்ளிவிவரத்துலயே மூணு இனத்துலயும் நம்ம இந்திய ஆம்பளைங்களோட ஆயுசுதான் கடைசி, 70க்கும் கீழ. 2019 தேசிய சுகாதார ஆய்வுல நாட்டுல பெரியவங்கள்ல 18 சதவீதத்துக்கு இனிப்புநீர்னா நம்ம இந்தியருங்கள்ல கிட்டத்தட்ட மூணு பேருக்கு ஒருத்தர். இங்க இப்ப குழந்தை சாவு ரொம்ப கம்மி, அப்புறம் எப்படி ஆயுசு இப்படி? திரும்ப அதே கணக்கைப் போடுங்க. 100 பேர்ல 80 பேர் 75 வரைக்கும் இருக்காங்க, 20 பேர் மட்டும் 50ல போயிடறாங்க. சராசரி 70. அந்த 20 பேர் யாருன்னு நம்ம தாமான்ல எல்லாருக்கும் தெரியும், மூணு தெருவுக்கு ஒரு வீட்ல மாலை போட்ட ஆம்பளை போட்டோ, டவுன் கடைவரிசையில ஒரு டயாலிசிஸ் சென்டர், காலைல அஞ்சரைக்கே வேன்ல ஆள் வந்து இறங்குவாங்க, பாதிக்கு மேல நம்ம முகம். இதுல மோட்டார் விபத்துல போற பையன்களை நான் சேர்க்கவே இல்ல.

ரத்தம் அப்படி, ஜாதகம் அப்படின்னு சொல்றவங்களுக்கு நான் ரஷ்யாவைக் காட்டுவேன். 1985ல கோர்பச்சேவ் சாராயத்துக்கு கட்டுப்பாடு போட்டாரு, ரெண்டு வருஷத்துல ஆம்பளைங்க ஆயுசு 65 பக்கம் ஏறுச்சு. சோவியத் ஒடஞ்சு வேலை, வருமானம் எல்லாம் போயி சாராயம் திரும்ப பெருகினப்ப 1994ல 58க்கும் கீழ வந்துடுச்சு. பத்து வருஷத்துக்குள்ள யாரோட ரத்தமும் மாறாது. கள்ளுக்கடையும் சாம்சுங்கற மலிவு சாராயமும் தோட்டத்துல என்ன செஞ்சுதுன்னு தெரிஞ்சவங்களுக்கு இதை நான் விளக்கவே வேணாம்.

ஜப்பான் எப்பவும் இப்படி இருந்ததில்ல, அதை முக்கியமா சொல்லணும். 1947ல அங்க ஆம்பளைக்கு 50, பொம்பளைக்கு 54, நம்ம 1957 கணக்கை விடக் கம்மி. 1950கள்லருந்து 1980 வரைக்கும் அங்க முதல் எமன் பக்கவாதம், காரணம் உப்பு. ஊறுகாய், மிசோ சூப், உப்பு மீன், குளிர் நாட்டுல வருஷம் பூரா அதான் சாப்பாடு. அவங்க என்ன செஞ்சாங்க? 1961ல எல்லாருக்கும் மருத்துவக் காப்புறுதி. அதோட நிக்கல. நாகானோ மாநிலத்துல ஊர்ப் பொம்பளைங்களையே தன்னார்வலரா சேர்த்து, வீடு வீடா போயி மிசோ சூப்புல உப்பு எவ்வளவுன்னு அளந்து சொன்னாங்க. பக்கவாதத்துக்குப் பேர்போன அந்த மாநிலம் இன்னிக்கு ஜப்பான்லயே நீண்ட ஆயுசுக்குப் பேர் வாங்கின இடங்கள்ல ஒண்ணு.

கோஸ்தா ரிக்கான்னு நடு அமெரிக்காவுல ஒரு சின்ன நாடு, காப்பியும் வாழையும் வெளையற தோட்ட நாடு, 1948ல ராணுவத்தையே கலைச்சுட்டாங்க. வருமானம் அமெரிக்காவை விட ரொம்ப கம்மி, ஆயுசு 80 பக்கம், அமெரிக்காவை முந்திட்டாங்க. அங்க 1990கள்லருந்து சில ஆயிரம் பேருக்கு ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு கிளர்க், கூடவே வீடு வீடா போற சுகாதாரப் பணியாளர் ஒருத்தர்னு குழு பிரிச்சிருக்காங்க. அவர் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து, யாருக்கு மருந்து தீர்ந்துடுச்சு, யார் கிளினிக் வர்றதை நிறுத்திட்டாங்கன்னு எழுதிட்டுப் போவாரு.

இதான் நான் சொல்ல வர்றது. பாட்டிக்கும் அவங்க பிள்ளைங்களுக்கும் உயிர் கொடுத்ததெல்லாம் அவங்களைத் தேடி வந்தது. வாய்க்கா வந்துது, பைப் வந்துது, மிட்வைஃப் சைக்கிள்ல வந்தாங்க, ஊசி பள்ளிக்கூடத்துக்கு வந்துது. மகனோட பிரஷர் மாத்திரைக்கு மட்டும் அவரு ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு வரிசையில வந்து நிக்கணும், அதுவும் எந்த வலியும் இல்லாதப்ப, ஆயுசு முழுக்க. பேத்தி வரலன்னா தேடி வந்த மிஸ்ஸி மாதிரி ஒருத்தர், அவரோட புக்குல இடைவெளி விழுந்தப்ப தேடி வரல. வாயைக் கட்டத் தெரியல, தண்ணியை விடலன்னு செத்தவரையே குத்தம் சொல்றாங்க. எனக்கு அதைக் கேக்க முடியல.

காரியம் முடிஞ்சதும் தாமான்ல நாலஞ்சு பேர் சேர்ந்தோம். கோயில் மண்டபத்துல பிரஷர் மிஷின் வச்சோம், வந்ததெல்லாம் அக்காமாருங்க, ஆம்பளை ஆளே இல்ல. அப்புறம் ரிட்டையர் ஆன ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட் ஒருத்தர், பழைய தோட்டத்து ஆளு, அவரே சொன்னாரு, தம்பி, ஆம்பளைங்க கோயிலுக்கு வரமாட்டாங்க, மிஷினைத் தூக்கிட்டு லாரி நிக்கற எடத்துக்குப் போன்னு. காலைல நாலரைக்கு சாப்பாட்டுக் கடையில மேஜை போட்டோம். தே தாரிக் வர்றதுக்குள்ள கையை நீட்டிட்டாங்க. செத்தவரோட தம்பி, 49 வயசு, முதல் நாளே 178க்கு 110. அண்ணே, எனக்கு ஒண்ணும் பண்ணலையேன்னாரு. உங்க அண்ணனுக்கும் ஒண்ணும் பண்ணலன்னேன். அடுத்த வாரமே கிளினிக் போனாரு, நாங்க ஒருத்தர் கூடப் போனோம்.

இப்ப பாக்கி இருக்கறது தொடர்ச்சி. அரசாங்க மருந்தகத்துல தொடர் மருந்தை போஸ்ட்ல வீட்டுக்கே அனுப்பற வசதி இருக்கு, முன்கூட்டி சொல்லிட்டு கார்லயே போயி வாங்கற வசதியும் நிறைய இடத்துல இருக்கு, ஆனா நம்ம டிரைவருங்கள்ல பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது, தெரிஞ்சவங்களும் ஃபாரத்தைப் பார்த்து மலைச்சுப் போறாங்க. படிச்சுட்டு வீட்ல இருக்கற பிள்ளைங்க ரெண்டு பேரை அந்த மேஜையில உக்கார வச்சு, பிரஷர் பார்க்கறப்பவே ஃபாரமும் நிரப்பிக் கொடுக்கலாம்னு இருக்கோம். காப்பார், மேரு பக்கம் இருக்கறவங்க யாராவது காலைல ஒரு மணி நேரம் வர முடியும்னா சொல்லுங்க, இன்னொரு மிஷினும் வேணும், கை பெருசா இருக்கற ஆளுங்களுக்குப் பெரிய பட்டை இருக்கற மாதிரி பார்த்து வாங்குங்க, சின்னப் பட்டையில நம்பர் கூடுதலா காட்டுது.